இரண்டாவது பிரேக்

நவம்பர் 4, திங்கள்

வந்து சேர்ந்தோம். படகுத்துறையிலிருந்து விடுதிக்கு வேனில் அழைத்துவந்தார்கள். ஓட்டுநர் வழி முழுக்க க்ளட்ச் மேலேயே காலை வைத்திருந்தார். என்னிடம் கற்றிருந்தால் முதல் நாளே காது கிழியத் திட்டியிருப்பேன். டிரைவிங் ஸ்கூலே இல்லை, அப்புறம் என்ன திட்டு? ஷட்டரை இறக்கிப் பதினோரு மாதம் ஆகிறது.

அறையில் மூன்று கட்டில். போன ஜனவரிக்கு மூன்று பேருக்குப் பதிவு செய்தது. தேதியைத் தள்ளிவைத்தோமே தவிர, இரண்டு பேர்தான் என்று சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை. என் மனைவி மூன்றாவது கட்டிலில் துணிகளை மடித்து அடுக்கினாள்.

சாப்பிடும்போது கேட்டாள்: "வண்டி ஒண்ணு வாடகைக்கு எடுக்கலாமா? தீவோட அந்தக் கோடியில அலையே இல்லாத கடல் இருக்காம்."

"பஸ் இருக்கு" என்றேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பஸ் இல்லை. காலையில் ஒன்று போகிறது, மறுநாள்தான் திரும்புகிறது.

வாடகைக் கார் கவுண்டர் விடுதி வாசலிலேயே. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மாள். "யார் ஓட்டுவீங்க?" என்றார். சாலை மோசம் என்றேன். டயர் தேய்ந்திருக்கிறது என்றேன். இன்ஷூரன்ஸ் அது இது என்று என்னென்னவோ உளறினேன். இருபத்திரண்டு வருடம் ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவன்! இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சொல்றோம்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நவம்பர் 6, புதன்

மழை. நல்லதாகப் போயிற்று. எடுக்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

எழுதித் தொலைக்கிறேன். இந்த நோட்டிலாவது.

மகளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வயது. இந்தப் பயணத்துக்காகத்தான் கார் ஓட்டக் கற்றாள். "தீவுல நான்தான் ஓட்டுவேன். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி உக்காந்து வேடிக்கை பாருங்க." ஸ்கூல் காரில் மூன்று மாதம் கற்றுக்கொடுத்தேன். அந்தக் காரில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொடுப்பவரின் காலடியில். அதனால் யார் வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "பயப்படாதே, என் கால் இருக்கு."

அன்று ஸ்கூல் கார் சர்வீஸில். வீட்டுக் காரை எடுத்தோம். முக்கில் திரும்பும்போது தயங்கினாள். "அப்பா, போலாமா?" தண்ணி லாரி தூரத்தில் இருப்பதாகத்தான் தெரிந்தது. சொன்னேன் — பயப்படாதே, என் கால் இருக்கு. வீட்டுக் காரில் எனக்கு ஏது பிரேக்?

லாரி தூரத்தில் இல்லை. கையை நீட்டினால் ஹேண்ட்பிரேக். வாயைத் திறந்தால் "நில்லு". இரண்டையும் செய்யவில்லை. கால்தான் போனது. வெறும் தரையை அமுக்கினேன். அமுக்கினேன்டா பாவி, அமுக்கிக்கிட்டே இருந்தேன்.

அவள் பக்கம்தான் நசுங்கியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

லாரி கண்மண் தெரியாமல் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். இவளிடமும் அப்படியே. தெரிந்தால் என்னோடு ஒரே வீட்டில் இருப்பாளா? நான் எதற்கு இன்னும் இருக்கிறேன்?

நவம்பர் 8, வெள்ளி

கவுண்டரில் இவள் ஒரு லைசென்ஸை எடுத்து வைத்தாள். இவளுடைய படம், இவளுடைய பெயர்.

"எப்ப?"

"தையல் கிளாஸுன்னு போனேனே. நாலு மாசம்."

என் ஸ்கூலுக்கு எதிரிலேயே கடை போட்டிருந்த போட்டிக்காரனிடம் ஓட்டக் கற்றாளாம்! நாலு மாதத்தில் ஒரு கைக்குட்டைகூடத் தைத்துக் காட்டவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வெயிலில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன், கால் எங்கே போனது, எல்லாம்.

"தெரியும்" என்றாள். "டிவி பாக்கும்போதுகூட உங்க கால் தரையை அமுக்குது. அது ஏன்னு யார்கிட்டப் போய்க் கேக்கறது? அதுக்குத்தான் அங்க சேர்ந்தேன். முதல் நாளே அந்த வாத்தியார், பயப்படாதீங்கம்மா, என் கால் இருக்குன்னார். குனிஞ்சு பார்த்தேன். அவர் காலடியில பிரேக் இருந்துது. நம்ம கார்ல இல்லியேன்னு தோணுச்சு."

"என் மேல கோவம் இல்லியா?"

"இருக்கு. போகும்னு தோணல. ஏறுங்க."

பின்சீட்டில்தான் ஏற முடிந்தது. அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். வளைவுக்கு வளைவு என் கால் முன்சீட்டின் அடியை உதைத்தது. பாதி வழியில் நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தேன். திரும்பிவிட்டோம். வாலு எங்களை உட்காரச் சொன்ன இடம் அந்தப் பின்சீட்டுதான்.

நவம்பர் 9, சனி

தனியாகப் போனாள். நான் விடுதிப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்தேன். மத்தியானம் தாண்டி வந்து சேர்ந்தாள்.

"எப்படி இருந்துது?"

"அலையே இல்ல. தனியாப் பாக்க முடியல."

நவம்பர் 10, ஞாயிறு

கடைசி நாள். முன்சீட்டுக் கதவை அவளே திறந்துவைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டேன். காலிரண்டையும் சீட்டின் மேல் மடித்துச் சம்மணம்போட்டு உட்கார்ந்தேன். பார்த்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள்.

முதல் வளைவிலேயே தொடை துடித்தது. பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு முக்கு வந்தது. வண்டியை நிறுத்தினாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"போலாமா?"

நானும் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"பொறு. ஒரு வேன் வருது."

வேன் வந்தது, கடந்து போயிற்று.

"இப்ப போ."

கால்கள் மரத்துப்போய்விட்டன. கடல் வரும்வரை கீழே விடவில்லை.