குதிரை நிற்காத துப்பாக்கி

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடு. வாசலில் நின்ற பெண் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. அழுகை வரவில்லை. அழுது முடித்துவிட்டேன்.

வாட்ச்சுக்கு பேட்டரி மாற்ற இதே ஊருக்கு பஸ் ஏறி வந்த ஆள் நீங்கள். மிக்ஸி நின்றால் கடை, மோட்டார் நின்றால் மெக்கானிக். உங்கள் அப்பாவின் பழைய ரிவால்வருக்கு மட்டும் நீங்களே அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். விசை இறுகிக் கிடக்கிறதாம்.

"மதுரைல லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை இருக்குல்லா, கொண்டு போய்க் குடுங்களேன்" என்றேன்.

"எங்கப்பா துப்பாக்கியை எவனோ ஒருத்தன் தொடுறதா? பட்டாளத்துல துப்பாக்கி புடிச்ச கை ஏட்டி இது."

பட்டாளத்திலும் நீங்கள் சுடத்தான் செய்தீர்கள். ரிப்பேர் பார்க்க வேறு ஆள் இருந்தார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதை அன்றைக்குச் சொன்னதற்கு, "நீ போயி கொழம்பைப் பாரு" என்றீர்கள். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் துப்பாக்கியைக் கழற்றிக் காட்டினான். அவன் பேசியது எனக்கும் புரியவில்லை, உங்களுக்கும் புரியவில்லை. அவன் கை போகிற பக்கம் உங்கள் கையும் போனது. தோட்டாவை அடிக்கிற குதிரை பின்னால் இழுத்தால் நிற்க வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துகிற சின்னப் பல்லைத்தான் ராவினீர்கள். "பாரு, வெண்ணெய் மாதிரி போகுது" என்று சிரித்தீர்கள். கழற்றி மாட்டியாயிற்று என்றால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள்.

பொறவு ஆயுத பூஜை வந்தது. வெறும் துப்பாக்கியைச் சாமி முன்னால் வைக்கக்கூடாது என்று உங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஒரு தோட்டாவைப் போட்டீர்கள். குதிரையைப் பின்னால் இழுத்து, அதற்கு அடியில் சந்தனம் வைக்கக் குனிந்தீர்கள். குழல் உங்கள் நெஞ்சைப் பார்த்துக் கிடந்தது. குதிரை நிற்கவில்லை. நான் சூடத்தட்டோடு பக்கத்தில் நின்றேன்.

நேற்று பந்தியில் உங்கள் தம்பி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மதினி, ஒரு கையெழுத்துப் போடுங்க. துப்பாக்கி ஸ்டேஷன்ல கெடந்து துருப்பிடிக்குது. எம்பேருக்கு மாத்திக்கிடுதேன்."

"அதுல குதிரை நிக்காதே, தம்பி."

"அண்ணன் அரத்தைக் கொஞ்சம் கூடப் போட்டுட்டாக, அம்புட்டுதான். செத்த நேர வேலை. நானே பாத்துக்கிடுவேன்."

அதே ரத்தம், அதே வாய்.

"பார்த்துக்கிடுவீக. அடுத்த வருசம் ஒங்க வீட்டுக்காரிகிட்ட யாரு வந்து கையெழுத்துக் கேப்பா?" என்றேன்.

எதிர்ப் பந்தியில் பாயாசம் ஊற்றியவர் கை அப்படியே நின்றது. உங்கள் தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்கப்பா பொருளு. அத வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?" என்று எழுந்து போய்விட்டார். அவர் பெண்டாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கை கழுவுகிற இடத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "போட்றாதீக அக்கா" என்றாள்.

இன்று காலையில் ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம், அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஏட்டையா, "பழைய காலத்துப் பொருளும்மா, இப்ப இப்படி கெடைக்காது" என்றார். "என் வீட்டுக்காரரும் கெடைக்க மாட்டாரு சார்" என்றேன். உங்கள் தம்பி இனி என் வாசல்படி மிதிக்க மாட்டார். பரவாயில்லை, உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். இப்போதும் சொல்கிறார்கள். நான் தலையாட்டுவதே இல்லை. விதி என்று ஒத்துக்கொண்டால் உங்கள் மேல் கோபப்பட முடியாது. அடுப்படியில் தனியாக நின்று உங்களைத் திட்டுகிறேனே, அந்தச் செத்த நேரம்தான் நீங்கள் என் பக்கத்தில் இருக்கிறீர்கள். அதையும் விட்டுக்கொடுக்க என்னால் ஆகாது.