பலகைக்கு இந்தப் பக்கம்

ஜூன் 16, திங்கள்
விடியும்போதே மழை. றப்பர் பால் வெட்டு இல்லை, அதனால் மருமகள் சாந்தி வீட்டில். லயத்து வீடுகள் முழுக்க ஆட்கள், ஒரே இரைச்சல்.

மாத்திரை 6.30. அது பிடிக்க முக்கால் மணி நேரம். அதுவரை சட்டைக்கு ஊக்கு குத்தக்கூட சாந்தி வேணும். பிறகு ரெண்டு மணி நேரம் நான் நானாக இருப்பேன். மழை பெய்தால் அதுவும் கட்டிலிலேயே போய்விடும்.

போன வாரம் கிளினிக்கில் நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொன்னது. மறக்காமல் இருக்க எழுதுகிறேன். "எவிதின்ன ஓனே அம்மே, ஹெமதாம." தினமும் நடக்கணுமாம். பார்கின்சனுக்கு மாத்திரை மட்டும் போதாதாம். உட்கார்ந்தே இருந்தால் உடம்பு இறுகிவிடுமாம். மகன் குமார் நன்றாகத் தலையாட்டினான். பஸ் ருவான்வெல்லை வருவதற்குள் மறந்துவிட்டான்.

நடக்க விடாதவை:
வாசல். அங்கே வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு போகும், கால் வராது.
மழை, பாசி, இறக்கம்.
கடை முதலாளி. தள்ளாடி வந்ததைப் பார்த்து, "ஆயாவும் போட ஆரம்பிச்சிட்டாவா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நாசமாப் போறவன். அதோடு கடைப்பக்கம் போவதை விட்டேன்.
பயம். போன மாதம் தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்த பயம்.
குமார்.

ஜூன் 17, செவ்வாய்
வெயில். எல்லோரும் வேலைக்கு. மா. (மாத்திரை) பிடித்ததும் வெளியே போகப் பார்த்தேன். வாசலில் ஒட்டியது. பத்து நிமிடம் நின்றேன். ஆத்திரத்தில் உடம்பைத் தள்ளினேன். வாசலுக்கு வெளியே இஸ்தோப்பில் குப்புற விழுந்தேன். முழங்கை தோல் போச்சு. பக்கத்துக் காம்பரா ராசம்மா பார்த்துவிட்டாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

சாயங்காலம் குமார் தோளில் ஒரு பலகையோடு வந்தான். பார்த்ததும் தெரிந்தது. பிள்ளைமடுவத்துப் பழைய பலகை. இருபத்திரெண்டு வருஷம் நான் அங்கே ஆயா. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போனதும் தவழுகிற பிள்ளைகள் வெளியே ஓடாமல் வாசலில் குறுக்கே வைப்பது. முழங்காலுக்குக் கீழேதான் வரும். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் பால் கோப்பையோடு ஒரு நாளைக்கு நூறு தரம் தாண்டியிருப்பேன். மேல் விளிம்பில் குட்டிப் பல் தடங்கள் இன்னும் இருக்கின்றன. அதில் குமாருடையதும் இருக்கும்.

"கோவிக்காதீங்கம்மா. நாங்க வேலையில இருக்கிறப்போ நீங்க விழுந்து கிடந்தா யாரு பாப்பா?"

"அத்தைய சின்னப் புள்ள மாதிரி அடைக்கிறீங்களே" என்றாள் சாந்தி.

"வேற வழி தெரிஞ்சா நீயே சொல்லு."

எங்கள் வாசலில் குறுக்கே பலகை, ஆணி நாலு. அடித்து முடியும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஜூன் 18, புதன்
உள்ளே. வாசல் வழியாகத் தெரிந்தது: தண்ணிப் பைப், ராசம்மா கோழி, றப்பர் மரம் ஆறு. ஆறுதான். ஏழாவது சுவருக்கு அந்தப் பக்கம்.
மதியம் அழுதேன். யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.
எழுத்து வர வர எறும்பாகிறது. குரலும் இறங்கிவிட்டது. ரெண்டு தரம் சொன்னால்தான் குமாருக்குக் கேட்கிறது.

ஜூன் 19, வியாழன்
கை நடுங்குகிறது. இது வேற நடுக்கம்.

மா. 10.30. பதினொன்றேகாலுக்கு வாசலுக்குப் போனேன். எட்டிப் பார்க்கத்தான். பலகை காலடியில். வலது கால் தானாகத் தூக்கிக்கொண்டது. தாண்டியது. பின்னாலேயே இடது. திரும்பிப் பார்த்தால் இஸ்தோப்பில் நிற்கிறேன்!

சிரித்தேன். கோழி மட்டும் பார்த்தது.

பிள்ளைமடுவம் வரை போனேன். புது ஆயா உட்காரச் சொன்னாள். ஒரு பிள்ளை என் நடுங்குகிற விரலைப் பிடித்து விளையாடியது. திரும்பி வந்து, பலகையைத் தாண்டி, கட்டிலில் ஏறிப் படுத்தேன். யாருக்கும் தெரியாது. இன்றைக்கு மா. நன்றாகப் பிடித்திருக்கிறது போல.

ஜூன் 20, வெள்ளி
ரெண்டு தரம் போனேன்! ராத்திரிச் சோறு ரெண்டாம் தரமும் வாங்கினேன்.
சாந்தி: "பலகை வச்சதுல இருந்து அத்தை விழவே இல்ல, பாத்தீங்களா."
சிரிப்பை அடக்கப் பெரும் பாடு.

ஜூன் 22, ஞாயிறு
வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. குமாரிடம் சொல்லிவிட்டேன். "நீ அடிச்ச பலகையத் தாண்டித்தான் மூணு நாளா நடந்துட்டு வாறேன்." கொஞ்சம் பெருமையடித்துத்தான் சொன்னேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் உட்கார்ந்து அழுதான். "நல்லா நடக்கிற ஆளை அடைச்சு வச்சிட்டேனேம்மா." ஆணியைப் பிடுங்கி, பலகையைக் கழற்றி, கத்தியால் அங்கேயே பிளந்தான். மழையில் விறகு எல்லாம் ஈரம், இது காய்ந்த பலகை. சாந்தி அதை எரித்துத்தான் சோறு வடித்தாள். நானும் தடுக்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான்.

ஜூன் 23, திங்கள்
வெயில். மா. 6.30.
குமார் போகும்போது: "கதவு திறந்துதான் இருக்கு. எங்க வேணும்னாலும் போயிட்டு வாங்க."

7.20 வாசல். கால் ஒட்டியது.
7.40. அப்படியே.
8.00. பலகை இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். கால் ஏமாறவில்லை. அப்போதுதான் புரிந்தது, மாத்திரை இல்லை, அந்தப் பலகைதான் காலைத் தூக்க வைத்தது. வெறும் தரைக்கு அது எழும்பாது.
ராசம்மா: "என்ன ஆயா, வெளிய போகலியா?"
"வெயில் ஏறட்டும்" என்றேன்.
9.30. மா. விட்டுவிட்டது. கட்டில்.

சாயங்காலம் குமார் வந்ததும் சொன்னேன். "பலகை ஒன்னு திரும்ப அடிச்சிடுப்பா."
அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.
அவன் முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் கோவம் போகலியாம்மா?"
"கோவமில்லப்பா. தாண்டறதுக்கு ஒன்னு..." குரல் அதற்கு மேல் வரவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "சத்தியமா சொல்றேன். இனிமே இந்த வாசல்ல ஒரு குச்சியக்கூட வைக்க விடமாட்டேன்."