ஐம்பத்திரண்டு குடம்

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. மாடிக் கொடியில் துணி நிற்கவில்லை. இரண்டு தடவை பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து எடுத்து வந்தேன்.

புது நோட்டு. இதில் நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். யாருக்கும் காட்டப் போவதில்லை, அதனால் பொய்க்குத் தேவையும் இல்லை.

ரஹ்மத் மாமி (அம்மாவின் தம்பி மனைவி) வந்தார்கள். பையில் இரண்டு கேமரா. இரண்டும் பழசு, இரண்டிலும் லென்ஸைக் கழற்றி மாட்டலாம்.

"ஒண்ணு உனக்கு, நிலோ. ஒரு வாரம் வச்சுப் பாரு. எது வேணும்னு சொல்லு. இன்னொண்ணை மன்னார்புரத்துல ஒரு பொண்ணு கேட்டிருக்கு."

சயின்ஸ் மிஸ் சொல்லும் முறையில் பெயர் வைத்தேன்.

அ: கறுப்பு. உள்ளே கண்ணாடி வைத்த வகை. மாமியுடையது.
ஆ: சாம்பல் நிறம். கண்ணாடி இல்லாத வகை. மாமா குவைத்தில் யாரிடமோ வாங்கியது. மெனு முழுக்க அரபு.

எடை (தெருமுனை மளிகைக் கடைத் தராசில்): அ 690 கிராம், ஆ 410.
சத்தம்: அ "டக்". ஆ "க்ளிச்", பல்லி மாதிரி.
அ-வில் கண்ணை வைத்துப் பார்க்கலாம். ஆ-வில் திரை மட்டும், வெயிலில் ஒன்றும் தெரியவில்லை.
அ-வின் லென்ஸ் ஆ-வில் பொருந்தாது.

ஆ-வின் மெனுவை எழுத்துக்கூட்டி வாசித்தேன். மாமிக்குப் பெருமை. "மாஷா அல்லாஹ், ஓதுற மாதிரியே வாசிக்குது." அர்த்தம் தெரியாது என்றேன். "இங்க யாருக்குத் தெரியும்" என்றார்கள்.

முக்கியமானது: அ-வுக்குள் இருக்கும் கார்டில் ஷமீ அக்காவின் நிக்காஹ் படங்கள். மே மாதம் நடந்தது. பெண்கள் பக்கம் ஸ்டுடியோக்காரரை விடவில்லை, மாமிதான் எடுத்தார்கள். 208 படம். "யார் போனுக்கும் போகக்கூடாது, போன் விட்டுப் போன் போயிடும்" என்று அன்றைக்கே அம்மா கண்டிப்பு. அதனால் கார்டில் மட்டும்தான். வேறெங்கும் கிடையாது.

அத்தாவுக்கு (அப்பாவுக்கு) சவுதியில், தம்மாமில் வேலை. நிக்காஹ்வுக்கு லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறார். சனி சாயந்திரம் மஃக்ரிப் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து டிவியில் படம் பார்ப்பதாக ஏற்பாடு.

சாயந்திரம் போனில் அத்தா: "நான் வீடியோ கால்ல இருந்தப்ப மாமி ஒண்ணு எடுத்தாங்களாமே. அதுல நானும் இருக்கேன்ல?"

இருக்கிறார். 17-வது படம். அக்கா கையில் போன், போனில் அத்தா. நானும் மாமியும் மட்டும் பார்த்திருக்கிறோம். "கல்யாணத்துல நான் இருந்ததுக்கு அது ஒண்ணுதான் அத்தாட்சி" என்று சிரித்தார்.

ஜூலை 14, திங்கள்

எழுத்து கோணல். ஆனாலும் வரிசையாக.

4.40 ஸ்கூலிலிருந்து வந்தேன். அம்மா தையல்காரரிடம் போயிருந்தார்கள். சோதனைக்கு மாடித் தொட்டி மேல் பித்தளைக் குடத்தை வைத்தேன். ஒரே வெளிச்சம், ஒரே தூரம். மற்ற எல்லாம் மாறாமல் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பது மிஸ் சொன்னது. அதனால் கார்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். ஆ-வுக்குக் கார்டு வேறு இல்லை.

அ-விலிருந்து எடுத்து ஆ-வில் போட்டேன். திரையில் ஏதோ வந்தது. வாசித்தேன். தஹ்யிஆ. பிதாகா. இன்னும் ஒரு வரி. கீழே இரண்டு கட்டம், லா, நஅம். அது இரண்டும் மதரஸாவில் படித்தது. இல்லை, ஆம்.

நஅம் அமுக்கினேன். அழகாக வாசித்துவிட்டு அமுக்கினேன்.

ஆ-வில் 26 படம் எடுத்தேன். கார்டை அ-வில் மாற்றி 26. பிறகு எதேச்சையாக அக்காவைப் பார்க்கலாம் என்று பின்னால் தள்ளினேன். குடம். குடம். குடம். முதல் படமும் குடம். அதற்குப் பின்னால் மறுபடி கடைசிக் குடம்.

கேமராவை அணைத்துப் போட்டேன். கார்டை எடுத்து ஊதினேன். ஊதினால் என்ன ஆகும்.

52/52 என்று இருக்கிறது.

அம்மா வந்ததும், "என்ன முகம் இப்படி இருக்கு, பரீட்சை பேப்பர் குடுத்தாங்களா?" ஆமாம் என்றேன். அது முதல் பொய்.

சாப்பிடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். காற்று அப்படியே.

காலையில் அம்மா போனில் தேடி ஆ-வை இங்கிலீஷுக்கு மாற்றினேன். (கருவிப் படம், நாலாவது வரி, கொடிப் படம்.) நேற்று வந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாம் அழிக்கப்படும், சரியா என்று கேட்டிருக்கிறது. நான் ஆம் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை இல்லை என்பதை அமுக்கினேன். இப்போது அமுக்கி என்ன.

வைதேகியிடம் மட்டும் சொன்னேன் (என் பெஞ்சு, ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறாள்). ஸ்கூல் விட்டதும் இரண்டு பேரும் சிங்காரத்தோப்பில் ஒரு கடைக்குப் போனோம். போன், கேமரா ரிப்பேர். கடை அண்ணன் நல்லவர் மாதிரிதான் இருந்தார்.

"அழிஞ்சதுக்கு அப்புறம் எதுவும் எடுக்கலையே?"

"ஐம்பத்திரண்டு."

அவர் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "பழசு இருந்த இடத்துலதான்மா புதுசு போய் உக்காரும். இனி ஒண்ணுகூட எடுக்காதே. கார்டை வச்சிட்டுப் போ, நாளைக்கு வா. மிச்சம் இருக்கிறதை எடுத்துப் பாக்கறேன்."

"நீங்க பாப்பீங்களா அண்ணா?"

"பாக்காம எப்படிம்மா. முகம் தெரிஞ்சாதானே வந்துச்சா இல்லையானு சொல்ல முடியும்."

அக்கா தலையில் துணி இல்லாமல், முடி விரித்து, பூ வைக்கக் காத்திருக்கும் படங்கள். அம்மா கை தெரியும் ஜாக்கெட்டில். மாமியின் தங்கை பால் கொடுத்துக்கொண்டு. கண்ணாடி மேஜையில் இருந்த கார்டை எடுத்துக்கொண்டேன். "என்னம்மா?" என்றார். அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். இரண்டாவது பொய்.

வெளியே வந்ததும் வைதேகி திட்டினாள். "அந்த அண்ணாவுக்கு உங்க அக்காவைத் தெரியவா போறது? லூசாடி நீ?" உனக்குப் புரியாது என்றேன். கொஞ்ச தூரம் முன்னால் நடந்தாள். பிறகு, "எங்கம்மா பொம்மனாட்டிதானே?" என்றாள்.

ஜூலை 16, புதன்

வைதேகி வீட்டில் சயின்ஸ் ப்ராஜெக்ட் என்று சொல்லி 1-ஆம் நம்பர் பஸ். காவிரி இரு கரையும் தொட்டுத் தண்ணீர். பாலத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கார்டு வைத்த டப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வை. அம்மா வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறார். மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் கதவு பக்கம் திரும்பினார்.

"ஏன்னா, கொஞ்சம் உள்ள போங்கோ. இது பொம்மனாட்டி படம்."

வை. அப்பா பேப்பரை மடித்தார். "உள்ள என்ன, நான் கோயிலுக்கே போறேன். போறுமா?"

"நான் பாக்கலாமோல்லியோ?" என்று வை. அம்மா என்னைக் கேட்டார். பார்க்கலாம் மாமி என்றேன். "வேண்டாம்னா கண்ணை மூடிண்டே பண்றேன். டைப் அடிக்கறது பாதி அப்படித்தான்." வைதேகி சிரித்தாள். எனக்கு வரவில்லை.

ஒன்றரை மணி நேரம். பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. முதலில் குடங்கள். "இத்தனை தரம் ஒரே குடத்தை எடுத்திருக்கியேடி, அதுக்கே கூச்சமா இருக்கும்." எந்தப் படம் எந்தக் கேமரா என்று கேட்டார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை.

பிறகு வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் நான் நோட்டில் கோடு போட்டேன். கருகமணித் தாலி கட்டும் படம் வந்தது. பந்தி வந்தது. அக்கா அழுவது, நான் பக்கத்தில் வாயில் பாதுஷாவோடு நிற்பது.

முழுசாக: 151
பாதி (மேலே முகம், கீழே சாம்பல் பட்டை): 4
வராதது: 53

வராதது எல்லாம் காலையில் எடுத்தவை. தலை வாரியது, மருதாணிக் கை, 17.

"இன்னொரு தடவை தேடட்டுமா மாமி?" என்று கேட்டேன். அவர் இன்னொரு தடவை தேடினார். வேறு ஒரு சாஃப்ட்வேரில் போட்டு மூன்றாம் தடவை. அதன் பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அது போயிடுத்தும்மா. மேல எழுதியாச்சு. அழப்படாது. ஆத்துல சொல்லிட்டியோ?"

இல்லை.

"சொல்லிடு. டிவியில ஓடறச்சே தானா தெரிஞ்சா இன்னும் கஷ்டம்."

151-ஐயும் நான்கு பாதியையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, தன் கம்ப்யூட்டரிலிருந்து என் கண் முன்னால் அழித்தார். அவராகவே. நான் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. அதையும் எழுதவேண்டும். கார்டு தானாகக் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். பழைய கேமரா, யாரும் நம்புவார்கள். மெயின்கார்டு கேட் வரும் வரை அதை முழுசாக ஜோடித்தேன். எந்த வார்த்தை, எந்த முகம் என்பது வரை.

ஜூலை 17, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை.

அம்மா வீடு முழுக்க ஒட்டடை. பாடிக்கொண்டே. அம்மா பாடி எத்தனை நாள்.

மாமி போன்: "எதுன்னு முடிவு பண்ணிட்டியா?" இன்னும் இல்லை. "இவ்வளவு யோசிச்சுத்தான் ஒங்க மாமாவைக் கட்டிக்கிட்டேன், அப்பவும் தப்பாப் போச்சு." அம்மா ஸ்பீக்கரில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "அந்த ஒட்டடைக் கம்பை எடு" என்றார்கள். எடுத்தேன்.

போன் அடிக்கும்போதெல்லாம் மாடிக்குப் போய்விடுகிறேன். அத்தாதான் என்று. பெட்டி கட்டிவிட்டாராம். 23 கிலோ வந்துவிட்டதாம். "நிலோவுக்கு கேமராப் பை வாங்கிருக்கேன்."

ஜூலை 18, வெள்ளி

விடிவதற்குள் ஏர்போர்ட். அத்தா மெலிந்திருக்கிறார். காதோரம் முடி வெள்ளை, போனில் அது தெரிந்ததில்லை. "என்னம்மா, சலாம்கூட வாய்க்குள்ளயே சொல்றே?" என்று தலையில் கை வைத்தார். கையில் சோப்பு வாசனை.

ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்தார். பிரியாணி. அக்கா லால்குடியிலிருந்து வந்துவிட்டாள், மச்சான் (அக்கா வீட்டுக்காரர்) ஞாயிறு வருகிறார்.

நாலு மணிக்கு அடுப்படியில் அக்கா டீ போடும்போது சொன்னேன். ஜோடித்து வைத்திருந்ததைத்தான் தொடங்கினேன். "கார்டு வந்து, பழசு" வரை. அதற்கு மேல் நாக்கு போகவில்லை. நஅம் வரை எல்லாம் சொன்னேன்.

அக்கா அடுப்பை அணைத்தாள். திட்டவில்லை. திட்டினால் தேவலாம் போலிருந்தது.

"எது எது போச்சு?"

சொன்னேன்.

"அத்தா இருந்தது?"

தலையாட்டினேன். அக்கா டீயை வடிகட்டினாள், பாதி வெளியே போனது.

"முதல்ல அம்மாகிட்ட சொல்லாதே. அத்தாகிட்ட சொல்லு. போனது அவருது."

"நீ சொல்லேன் அக்கா."

"நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். வாய் உன்னோடதா இருக்கட்டும்."

இன்றைக்குச் சொல்லவில்லை. வந்த அன்றைக்கே எப்படி. இது காரணமா, பயமா. பயம்.

ஜூலை 19, சனி

மதியம் தூறல், பத்து நிமிடம்.

காலை முழுக்க அத்தா தனியாகவே இல்லை. யாராவது ஒருவர் வந்தபடி. மூன்று தடவை பக்கத்தில் போய் நின்றேன். மூன்று தடவையும் ஏதோ சாக்லேட் கொடுத்தார்.

மஃக்ரிப் தொழுதுவிட்டு எல்லாரும் ஹாலில். அத்தா நடு நாற்காலி, அம்மா, அக்கா, கீழே ரஹ்மத் மாமி. மாமி அ-வை எடுத்து ஒயரைத் தேடினார்கள். "கார்டு எங்க நிலோ?"

பென்டிரைவை உள்ளங்கையில் வைத்திருந்தேன். வியர்வையில் வழுக்கியது. அக்கா எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தா, ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். ஒப்பிட்டதிலிருந்து. கார்டு, அரபு, நஅம், குடம், கடை, ஸ்ரீரங்கம், 151, 4, 53. அம்மாவிடம் சொன்ன பொய்களையும். என் குரல் வேறு யாருடையதோ போல மெல்லிசாக இருந்தது.

அம்மா, "என்னடி சொல்றே நீ" என்று எழுந்தார்கள். அத்தா அம்மா பக்கம் கையை நீட்டினார். அம்மா நின்றார்கள். மாமி கேமராவை மடியில் வைத்து அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள்.

அத்தா என்னைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தார், அது இன்னும் போடவில்லை.

"நான் இருந்த படம்?"

"போயிடுச்சு அத்தா."

அத்தா ரிமோட்டை எடுத்து, மறுபடி கீழே வைத்தார்.

"நீ பாத்தேல்ல அதை. எப்படி இருந்தேன்?"

சிரித்துக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். பார்த்தது நானும் மாமியும்தான். மாமி காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

"அழுதுட்டு இருந்தீங்க அத்தா. அக்கா துப்பட்டாவால போனைத் துடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமி "ஆமாண்ணே" என்றார்கள், மெதுவாக.

அத்தா கையை நீட்டினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். இதுவரை அடித்ததில்லை. பென்டிரைவை எடுத்துக்கொண்டார். டிவிக்குப் பின்னால் குனிந்து சொருகினார். சொருகும் இடம் கிடைக்க அவருக்கு நேரம் ஆனது.

"இருக்கிறதைப் பாப்போம்" என்றார்.

கோபமா, இல்லையா. குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று நிமிர்ந்தேன். அவர் எழுந்து சுவர்ப் பக்கம் போய், விளக்கை அணைத்துவிட்டார்.