அடித்த கோட்டுக்கு அடியில்

யுரேகா நகரின் வருங்கால ரொட்டிக்கடைப் பேரரசி கோராவுக்கு, அலாஸ்கா கடலையே பாதி காலி செய்துவிட்ட சித்தப்பா ஆர்லோ எழுதுவது. நீ நலமா? நாய் நலமா? இனி நான் சொல்லப் போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன்.

நீ அனுப்பிய வேலை அனுமதிப் படிவத்தை வழியில் ஒரு திமிங்கலம் விழுங்கிவிட்டது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பாதுகாவலர் கையெழுத்து இல்லாமல் பள்ளியில் வேலை அனுமதி தரமாட்டார்கள், மாதக் கடைசிக்குள் அதைத் தராவிட்டால் ரொட்டிக்கடை வேலை வேறொருத்திக்கு என்று நீ எழுதியதைப் படித்ததும் பயந்து துப்பிவிட்டது. என் பேனாவில் மை உறைந்திருந்தது. ஒரு கரடியின் அக்குளில் செருகி உருக்கினேன்.

ஆனால் ‘உறவு’ என்ற இடத்தில் நீ ‘அப்பா’ என்று எழுதியிருந்தாய். அங்கேயே நின்றுவிட்டேன்.

“யோவ் ஆர்லோ, அது வேலை பர்மிட்டுய்யா, காதல் கடுதாசி இல்ல. கையெழுத்தப் போட்டுத் தொலை, சூப்பு ஆறுது!” என்று கத்தினார் கப்பல் சமையல்காரர் கஸ்.

உன்னை என்னிடம் ஒப்படைத்த நீதிமன்றத் தாளின்படி நான் பாதுகாவலன்தானே. அப்படியே விட்டால் பள்ளியில் திருப்பிவிடுவார்கள். அதனால் அதை அடித்து, ‘பாதுகாவலர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. முதல் நாள் நீ கருக்கும் ரொட்டியில் ஒன்றும் அனுப்பு, காய்ந்து போனாலும் பரவாயில்லை. தபால் விமானம் கிளம்புகிறது. நன்றி, மகளே.

உன் ஆர்லோ

பி.கு.: திமிங்கலமும் கரடியும் பொய். நான் அடித்தது ஒரே ஒரு மெல்லிய கோடு, அடியில் நீ எழுதியதை இன்னும் படிக்கலாம் என்பது மட்டும் உண்மை.