அறிக்கையில் இல்லாத மூன்று மணித்தியாலம்

வல்வெட்டித்துறை
ஆவணி 9

அன்பு மகள் மதுராவுக்கு அப்பா எழுதுவது. முத்துமாரி அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்பால் சுகம், உனக்கும் ஜேர்மனியில் ஒரு குறையும் வராமல் இருக்க அவளையே கேட்டுக்கொள்கிறோம். அம்மாவின் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நெல்லியடி டொக்டர் ஒரு குளிசையை நிற்பாட்டிவிட்டார். குசினிக் கூரைக்கு ஓடு மாற்றியாயிற்று, இனி மாரிக்கு ஒழுகாது. நல்ல செய்தி அவ்வளவுதான் பிள்ளை, மிச்சம் முழுக்கக் கோபம். போனில் நான் ஏசத் தொடங்கினால் நீ அழத் தொடங்குவாய், நான் அடங்கிப்போவேன், அதனால்தான் கடிதம். அம்மா இதையும் எழுத வேண்டாம் என்கிறாள், பிள்ளை அங்கை தனிய, மனம் நொந்துபோவாள் எண்டு. நோகட்டும்.

நீ வேலை பார்க்கும் கந்தோர் எங்களுக்கு அனுப்பிய கோபிசங்கர் நேற்று மறுபடியும் வந்தார். கார்த்திகையில் உலக நாடுகள் எல்லாம் கூடும் பெரிய மாநாட்டில் எங்கள் ஊர் வள்ளத்துறையைப் பற்றி அறிக்கை வைக்கப் போகிறார்களாம், அதை எழுதுகிறவள் நீயாம். நீங்கள் தந்த பற்றரி எஞ்சின் பூட்டிய வள்ளத்துக்குப் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று வேண்டுமாம். தம்பிஐயாவின் விஷயம் என்ன மாதிரி எழுதியிருக்கு என்று கேட்டேன். ஆள் இழுத்துப் பறித்துத்தான் சொன்னார், பற்றரித் திறனில் சிறு குறைபாடு, ஒரு வள்ளம், சேதமில்லை என்று. அடி பிள்ளை, நீ சின்ன வயதில் மாமா என்று தோளில் ஏறித் திரிந்த மனிதன் அக்கரையில் இந்தியச் சிறையில் மறியலில் இருக்கிறான், அது உனக்குச் சிறு குறைபாடா?

பரிஸில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன, எங்கள் நாடும் கையெழுத்துப் போட்டது, புகையைக் குறைக்க வேண்டும் என்று நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். சரி, குறைப்போம், கடல் சூடாகி மீன் விலகிப் போவது எனக்குத் தெரியாததா. ஆனால் குறைக்க உங்களுக்கு அகப்பட்டது யார்? எங்கள் துறையின் பன்னிரண்டு மண்ணெண்ணெய் எஞ்சின். அந்தப் பன்னிரண்டையும் கழற்றிப் பற்றரி பூட்டினதால் மிச்சமான புகையை நீ இருக்கும் நாடு தன்னுடைய கணக்கில் குறைத்துக் காட்டுமாம். அந்த நாட்டு வீதியில் காரை எந்த வேகத்திலும் ஓடலாம் என்று நீயே பெருமையாகச் சொன்னாய், அதிலே ஒரு காரையாவது வெட்டினார்களா? அக்கரையிலிருந்து வந்து எங்கள் கடலை வழித்துப் போகும் இழுவைப் படகுகளில் ஒன்றையாவது? இந்தப் பற்றரிக்கு ஏற்றும் கரண்ட் எங்கேயிருந்து வருகிறது? நுரைச்சோலையில் நிலக்கரி எரித்தும்தானே வருகிறது. இங்கே விட்ட புகையை அங்கே விடுகிறோம், அவ்வளவுதான் பெரிய சாதனை.

உங்கள் ஆட்கள் கடலை அளக்க வந்தது பங்குனியில். பங்குனியில் எங்கள் கடல் தொட்டிலில் கிடக்கிற குழந்தை மாதிரி. வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பினால் அந்தத் தென்மேற்குக் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும், போகும்போது சுகமாகப் போகலாம், திரும்பி வர இரண்டு மடங்கு சக்தி வேண்டும் என்று நான் கோபிசங்கருக்குச் சொன்னேன். குறித்துக்கொண்டார். எங்கே குறித்தாரோ. வைகாசியில் பழைய எஞ்சின்களைத் துறையில் அடுக்கிவைத்து ஒவ்வொன்றிலும் ட்ரில்லால் ஓட்டை போட்டு, நம்பரைப் படம் எடுத்தார்கள், வேறு எங்கேயும் போய்ப் புகைவிடாமல் இருக்கவாம். நல்ல எஞ்சின்கள். தம்பிஐயா தன்னுடையதைத் துளைக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவர்கள் எல்லாரும் சம்மதித்தது உன் உடன்படிக்கையை நம்பியில்லை, கடற்றொழில் சங்கத் தலைவர் முத்துக்குமாரு, அதுதான் நான், முதல் கையெழுத்துப் போட்டான் என்று நம்பி. நான் போட்டது நீ கேட்டாய் என்று.

ஆடி பதினாலாம் திகதி தம்பிஐயா விடியப் போனான். பதினொன்றரைக்குப் போன் வந்தது, அண்ணை, பற்றரி முடிஞ்சுது, காத்து இழுக்குது, எட்டு மைல் இருக்கும் எண்டான். பிறகு லைன் இல்லை. கரையில் நின்ற மற்ற வள்ளங்களெல்லாம் காலைத் தொழில் முடித்து வந்தவை, அரைப் பற்றரியும் இல்லை, போனால் அவையும் திரும்பாது. கடற்படைக்கு அறிவித்தோம், அடுத்த துறைகளுக்கு ஆள் விட்டோம், அங்கே வள்ளங்கள் வெளிக்கடலில். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இனி எழுதப்போவதை அம்மாவுக்குக் கூட நான் வாய் திறந்து சொல்லவில்லை. வைகாசியில் துளைக்கக் கொடுத்தது என் எஞ்சின் இல்லை. பத்து வருடமாக இறுகிப்போய்க் கிடந்த ஒரு செத்த எஞ்சினைத்தான் கொடுத்தேன். சங்கத் தலைவர், போதாக்குறைக்கு மதுராவின் அப்பா என்றபடியால் கோபிசங்கர் நம்பரை ஒத்துப் பார்க்கவில்லை. என் நல்ல எஞ்சின் வலைக் கொட்டிலில் சாக்குக்குக் கீழே இருந்தது, மண்ணெண்ணெய்க் கானும் பக்கத்தில். உங்கள் பற்றரியை நான் நம்பவில்லை. நம்பாததை மற்றவர்களை நம்பச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு அதை எடுத்துப் பூட்டியிருந்தால் தம்பிஐயாவைப் பிடித்திருப்பேன். நான் எடுக்கவில்லை. எடுத்தால் ஊருக்குத் தெரியும், என் பெயர் போகும், உன் பெயர் கெடும், கடற்படை எப்படியும் கண்டுபிடிக்கும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி மூன்று மணி வரைக்கும் கரையில் நடந்தேன். மூன்று மணிக்கு அவன் மனைவி நாகேஸ்வரி வந்து ஈர மணலில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் போய்ச் சாக்கைத் தூக்கினேன். எஞ்சின் முதல் இழுவையிலேயே இயங்கிற்று. அந்தச் சத்தத்துக்குத் துறையே திரும்பிப் பார்த்தது.

இருட்டும் மட்டும் தேடினேன். அவன் வலையின் மிதப்புக் கொடி மட்டும் அகப்பட்டது. அடுத்த நாள்தான் செய்தி வந்தது, நாகப்பட்டினத்து வள்ளக்காரர் தூக்கிவிட்டார்களாம், உயிருக்குப் பயமில்லை, ஆனால் எல்லை தாண்டினவன் என்று அங்கத்தைப் பொலிசார் பிடித்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இருபத்தாறு நாள்.

எனக்குப் படம் எடுக்க வேண்டாம் என்று கோபிசங்கரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உனக்குச் சொல்கிறேன், அறிக்கையை மாற்றி எழுது. பங்குனியில் அளந்துவிட்டு ஆடிக் கடலுக்கு மனிதரை அனுப்பினோம் என்று எழுது. துளைத்தது பதினொரு எஞ்சின், பன்னிரண்டாவது பொய் என்று எழுது. பொய் சொன்னவன் முத்துக்குமாரு, அவன் மகள்தான் இதை எழுதுகிறாள் என்றும் எழுது. வேலை போகும் என்றால் போகட்டும், இங்கே உனக்கு ஒரு பிடி சோறு இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறவர்களுக்கு தம்பிஐயா என்ற பெயரை ஒருமுறையாவது வாயால் சொல்ல வேண்டி வரட்டும். அவனை விடுவிக்க உங்கள் கந்தோர் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமோ, அதையும் நீதான் எழுதுவிக்க வேண்டும்.

எஞ்சினை முந்தநாள் தள்ளுவண்டியில் ஏற்றி நாகேஸ்வரி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன், தம்பிஐயா வந்ததும் பூட்டட்டும் என்றேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அண்ணை, இதை நீங்கள் அண்டைக்கு மத்தியானம் எடுத்திருக்கலாமே எண்டாள். ஓம் என்றேன். திரும்பவும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

குளிருக்கு வெறும் கோப்பியைக் குடித்துக்கொண்டு கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு. உன்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு பாசமும் இருக்கிறது, அம்மாளாச்சி உன் நாவிலே உண்மையை வைத்து உன்னை நீடூழி வாழவைக்கட்டும். அறிக்கையை அங்கே கொடுக்க முன்னம் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு, மறந்துவிடாதே. சங்கத்தைக் கூட்டி, நாகேஸ்வரியை முன்னுக்கு இருத்தி, அதை நானே எழும்பி நின்று வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
முத்துக்குமாரு