ஸ்கோர் அட்டையும் என் தலைவலியும்

தாரிணி,

ஃப்ரிட்ஜில் வத்தக்குழம்பு இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். ஏசி ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார்.

நான் அல் ஐன் ஷூட்டிங் கிளப்புக்குப் போகிறேன். நம் பழைய பிஸ்டலுக்கு ஒரு மரக் கைப்பிடி விற்பனைக்கு வந்திருக்கிறது. இடது கைக்கானது, உனக்குத்தான்.

வெள்ளிக்கிழமையிலிருந்து நான் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் நான் சொன்ன தலைவலி இல்லை. அந்தப் பிஸ்டல்தான். 1958-இல் செய்த பாயிண்ட் டூ டூ ரிம்ஃபயர் ரகம். ஆறு வருடம் தேடி வாங்கி, கிளப் லாக்கரில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முதல்முறையாகக் கையில் எடுத்த நீ, "இதை எப்படிங்க பிடிக்கணும்?" என்று கேட்டுவிட்டு ஐந்து குண்டையும் நடுவட்டத்தில் இறக்கினாய். ஸ்கோர் அட்டையில் பார்த்தால், என்னுடையது ஒன்றுகூட அங்கே போகவில்லை. "காத்து அடிக்குது" என்றேன். நாலு பக்கமும் சுவர் உள்ள கூடத்தில்! கோச் சிரிப்பை அடக்க இருமியே செத்தார்.

மன்னித்துக்கொள். பொறாமைதான்.

ஸ்ரீகாந்த்

பி.கு.: அடுத்த மாதப் போட்டிக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்தது தப்புதான். வேண்டாமென்றால் போன் செய். "உங்க பேரு சார்?" என்றார்கள் கிளப்பில். "மேடத்துக்குப் பை தூக்க வர்றவர்னு போட்டுக்கோங்க" என்றேன்.