சேற்று நிரையின் சொந்தக்காரி

இன்று காலையும் அந்தக் கோணல் ரப்பர் மரத்தில் உளி தட்டியது. சேற்று நிரையில், மர வரிசையின் கடைசியில், ஓடையை ஒட்டி நிற்குமே, அதுதான். பழைய காயங்கள் ஆறி மறுபட்டை வளர்ந்திருக்கிறது, ஆனால் முழுக்க முண்டும் முடிச்சுமாக. பதமாக இழுத்துக்கொண்டு வரும் உளி முண்டில் ஏறித் துள்ளுகிறது. பால் வெட்டிய கோட்டைத் தாண்டி வழிந்து மரத்தடிக்குப் போகிறது, மங்குக் கிண்ணத்துக்குள் விழுவேனா என்கிறது. இதற்குள் கெண்டைக்காலில் அட்டை ஏறிவிட்டது. அந்த நேரத்தில் நான் யாரைத் திட்டுவேன்? உன்னைத்தான். கொஞ்சம் சத்தமாகவே திட்டிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த நிரையிலிருந்து அஞ்சலை, "யாருக்கா அங்க? யாரோட சண்ட?" என்று குரல் கொடுத்தாள். இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவள், உன்னைப் பார்த்ததில்லை. "யாருமில்ல, நீ வெட்டு" என்றேன்.

உன்னைப் புதைத்து ஒரு வருஷம் ஓடிவிட்டது, இன்னும் நமக்குள் சண்டை தீரவில்லை. நீ பதில் பேச முடியாத இடத்தில் இருப்பதால்தான் தைரியமாக எழுதுகிறேன். இருந்தபோது உன்னிடம் பேசி ஜெயித்தவர் யார்?

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை மூடிய நாட்கள் உனக்கு மறந்திருக்காது. குடியிருந்த லயம் லயமாக ஆட்களை ரயிலேற்றி, பிறகு கப்பலேற்றினார்கள். ஊருக்குப் போகிறோம் என்று சிலர் சந்தோஷமாகக்கூடப் போனார்கள். எனக்கு எந்த ஊர்? கைக்குழந்தையாக இங்கே வந்தவள் நான். பெற்றவர்களையும் கட்டியவனையும் இந்த மண்ணில்தான் புதைத்தேன். கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போய்விடும். அப்போதுதான் நீ லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு சீனத் தவுக்கேக்குச் சொந்தமான சின்ன ரப்பர்த் தோட்டம் ஆளில்லாமல் கிடப்பதைக் கண்டுபிடித்து வந்தாய். பாலில் பாதி அவருக்கு, பாதி வெட்டுகிறவர்களுக்கு. அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. "குலிட் ஜாகா பாய்க் பாய்க்." பட்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், பட்டை போனால் நீயும் போ. நம்மில் ஒருவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. இந்தப் பட்டை நின்றால்தான் நாம் நிற்போம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நீ விட்டாயா? சிங்கப்பூரில் ஆயா வேலை பார்த்த காலத்தில் ஏதோ கடை மாடியில் நடந்த கூட்டங்களில் நின்று கேட்டுவிட்டு வந்திருந்தாய், சமதர்மம் என்று. மற்ற இடங்களில் ஒரு கங்காணி தலைமையில் ஆட்கள் இப்படி நிலம் எடுத்தபோது, நீ மட்டும் கங்காணியே வேண்டாம் என்றாய். எல்லாரும் முதலாளி என்றாய். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"மொதலாளி யாருடி?"

"எல்லாரும்."

"வேலக்காரன்?"

"அதுவும் எல்லாரும்தான்."

"அப்ப ரப்பர் ஷீட்டு காயிற பொகவீட்டுல நெருப்பு அணைஞ்சா நான் யாரத் திட்டுறது?"

நீ சிரித்தாய். சிரித்தால் பதில் சொன்னதாக ஆகிவிடுமா? ஆனால் எல்லாரும் உன்னோடு சேர்ந்து சிரித்தார்கள், விஷயம் முடிந்துவிட்டது.

பிறகு எதற்கெடுத்தாலும் கூட்டம், எதற்கெடுத்தாலும் கைதூக்கல். புகைவீட்டுக்கு யார் விறகு வெட்டுவது, அதற்கு ஒரு கூட்டம். ஷீட் உருட்டும் மிஷினை எங்கே வைப்பது, அதற்கு ஒன்று. மாரிமுத்து அண்ணன் பேச ஆரம்பித்தால் சோறு ஆறி, குழம்பில் ஆடை படிந்துவிடும். "அவரும் பேசட்டும்டி, இத்தன வருஷம் பெரட்டுல வாயத் தொறக்காம நின்னவரு" என்பாய். காலையில் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டுக் களத்தில் நானும்தான் வாயைத் திறக்காமல் நின்றேன். அதற்காக இப்போது பசியோடு உட்கார வேண்டுமா?

சரி, பேச்சைப் பொறுத்துக்கொண்டேன். நிரை மாற்றும் யோசனைதான் என்னால் தாங்க முடியாதது. மேட்டு நிரையில் பால் நன்றாக வரும், கால் நனையாது. ஓடையோரச் சேற்று நிரையில் அட்டையும் கொசுவும், பாலும் குறைச்சல். ஒருவருக்கே மேடு, ஒருவருக்கே சேறு என்பது நியாயமில்லை, வாரத்துக்கு வாரம் நிரையை மாற்றிக்கொள்வோம், எந்த மரமும் யாருக்கும் சொந்தமில்லை என்றாய். எல்லாரும் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று தூக்கியது என் கை ஒன்றுதான்.

"அடுத்த வாரம் இன்னொருத்தன் வெட்டப்போற மரத்த இந்த வாரம் எவன்டி பதமா வெட்டுவான்?"

"எல்லாம் நம்ம மரந்தானே செல்லம்மா? நம்ம மரத்த நாமளே கொத்துவமா?"

கொத்தினோம். உன் கண் முன்னாலேயே கொத்தினோம். பட்டையைச் சீவ வேண்டிய அளவுக்கு மேல் சீவி, எலும்பு தெரிவதுபோல் உள்மரம் தெரியும்வரை உளியை ஆழமாக இறக்கினார்கள். பால் வாளி வாளியாக வந்தது. பார்த்தாயா, முதலாளியே வெட்டினால் பால் எப்படிப் பெருகுகிறது என்று நீ பூரித்துப் போனாய். எனக்குத் தலையைக் கொண்டுபோய் அந்த மரத்திலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் பதமாக வெட்டிவிட்டு வந்த மரத்தை அடுத்த வாரம் ஒருவர் சிதைத்துவைப்பார். அதற்கடுத்த வாரம் நான் போய்ப் பார்த்துப் பல்லைக் கடிப்பேன்.

தவுக்கே வந்தார். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, மரம் மரமாகப் பெருவிரலை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். கோணல் மரத்தருகில் வந்ததும் நின்றுவிட்டார். பட்டையைக் காட்டி, "இனி சியாப்பா போத்தோங்?" என்றார். யார் வெட்டியது இது? உண்மையிலேயே யாருக்கும் தெரியவில்லை. அந்த மரத்தில் எல்லாருடைய உளியும் பட்டிருந்தது. அப்போது நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போய், "செமுவா" என்றாய். எல்லாரும்! அலாமாக், அந்த இடத்தில் உன் வாயைப் பொத்த ஒருவர் இல்லையே. மனிதர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் அடுத்த தடவை வரும்போது இதே மாதிரி இருந்தால் செமுவாவும் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைய கூட்டத்தை நினைத்தால் இன்னும் தலை வலிக்கிறது. மாரிமுத்து அண்ணன் எழுந்து, "இதுக்குத்தான் ஒரு கங்காணி வேணுங்கறது. வேற ஆள் இல்லன்னா நான் நிக்கிறேன்" என்றார். அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்ட விதத்திலேயே பாதிப் பேர் பயந்துபோனார்கள். நான் என் யோசனையைச் சொன்னேன். நிரையைப் பிரித்து ஒவ்வொருவருக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவோம், அந்த மரத்துக்கு அவர் பொறுப்பு. பால் மட்டும் ஒரே தொட்டியில் ஊற்றிச் சமமாகப் பங்கிடுவோம். நீ என்ன சொன்னாய்? "இன்னைக்கி நெரய பிரிப்ப, நாளைக்கி வேலி போடுவ." நான் வேலி போடுகிறவளா? கப்பலுக்குப் பயந்து தூக்கமில்லாமல் கிடந்தவளைப் பார்த்து இப்படிச் சொன்னாயே. நான் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்து அடுப்பில் சமைத்துக்கொண்டு, உப்பு வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆளிடம் கேட்டோம்.

அடுத்த கூட்டத்தில் நீயே எழுந்து நின்றாய். "செல்லம்மா சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்று பளிச்சென்று சொன்னாய். அதில் பாதிதான் என் யோசனை. மீதி உன்னுடையது. வாரத்தில் ஒருநாள் எல்லாரும் சேர்ந்து எல்லா நிரையிலும் நடக்க வேண்டும், யார் மரத்தையும் யாரும் தடவிப் பார்க்கலாம், குறை சொல்லலாம், சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. தவுக்கேயின் பெருவிரல் வேலையை நம் பெருவிரலே செய்யட்டும் என்றாய். கங்காணி பேச்சு அதோடு அடங்கியது. சேற்று நிரை யாருக்கு என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "எனக்கு" என்றாய்.

அடுத்த தடவை தவுக்கே வந்து தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்று நான் அழுதேன். நீ பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாய்.

எல்லாம் சரியாகத்தான் போனது, உனக்குக் காய்ச்சல் வர ஆரம்பிக்கும்வரை. கொசு பிடுங்கும் அந்த ஓடையில் வருஷக்கணக்காக நின்றால் வராமல் என்ன செய்யும்? கொயினா மருந்து குடிப்பாய், நடுங்கிக்கொண்டு படுப்பாய், எழுந்து மறுபடி அங்கேயே போவாய். சேற்று நிரையை மட்டுமாவது வருஷத்துக்கு ஒருவர் மாற்றிக்கொள்வோம், ஒரு வருஷம் கையில் இருந்தால் பட்டையைக் கெடுக்க மாட்டார்கள் என்று உன்னிடம் எத்தனை முறை கெஞ்சினேன். "நீதானடி சொன்ன, நெரய மாத்தக் கூடாதுன்னு. சட்டம்னா சட்டந்தான்" என்று சிரித்தாய். என் வாயாலேயே என்னை அடைத்தாய். நான் மரத்துக்குச் சொன்ன சட்டத்தில் உயிரைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னது யார்? எல்லாரும் சமம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், காய்ச்சலை மட்டும் பங்கு வைக்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டாயே. இந்தக் கோபம்தான் எனக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது.

உன்னைப் புதைத்துவிட்டு வந்த வாரமே கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். சேற்று நிரை இனி வருஷத்துக்கு ஒருவர் என்றேன். ஒரு கைகூட மிச்சமில்லாமல் தூக்கினார்கள். முதல் வருஷத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

இன்றோடு அந்த வருஷம் முடிந்தது. மத்தியானம் எல்லாரும் பட்டை பார்க்க நடந்தோம். கோணல் மரத்தில் அஞ்சலை பெருவிரலை வைத்துப் பார்த்து முகம் சுளித்தாள். "அய்யய்யோ, இப்படியா கொத்துவாங்க? யாருக்கா வெட்டுனது?"

உன்னுடைய அந்தப் பாழாய்ப்போன பதில் என் வாயில்தான் வந்தது.

"எல்லாரும்தான்."

நாளையிலிருந்து இந்த நிரை மாரிமுத்து அண்ணனுக்கு. கங்காணியாக நிற்கிறேன் என்றாரே, அவருக்கேதான். தயங்கித் தயங்கி வந்து, "இந்த முண்டுல உளி துள்ளுதே, நீ எப்புடிம்மா இழுக்குற? கொஞ்சம் காட்டு" என்றார். உளியைச் சாய்த்து, முண்டுக்கு முன்னால் கையைத் தளர்த்தி, தாண்டியதும் பிடித்துக் காட்டினேன். அவர் செய்து பார்த்தார். ஆழமாக இறக்கினார். "அண்ணே, மெல்ல!" என்று கத்தி, கையைத் தட்டிவிட்டேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. வருஷம் முழுக்கச் சபித்த மரம், விட்டுக்கொடுக்க மனமில்லை. நீ இருந்தால் வேலி போடுகிறாயா செல்லம்மா என்று கேட்டிருப்பாய்.

போடவில்லை. கொடுத்துவிட்டேன். நாளைக்கு நான் மேட்டு நிரைக்குப் போகிறேன். அங்கே பட்டை வழவழவென்று இருக்கிறது, கால் நனையாது, உளி ஒரு இடத்திலும் தட்டாது. காலையில் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு அங்கே ஒரு மரம்கூட இல்லை.